உள்ளே கரி, வெளியே உப்பு

“சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, நாப்பதாயிரம்தான் ஓடியிருக்கு.”

பழைய கார் தேடி அலைந்த யாரும் இந்த மூன்றையும் கேட்காமல் வீடு திரும்பியிருக்க முடியாது. அந்த டாக்டர் யார், இத்தனை கார்களை எப்போது வாங்கி எப்போது விற்றார் என்பது தனி ஆராய்ச்சி. செய்யூரில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கும் ஒரு டாக்டர் வண்டி அமைந்தது. பத்து வயதைத் தாண்டிய ஐரோப்பிய டீசல் கார். கம்பெனி பெயர் வேண்டாம். சொல்லப்போவதில் பெரும்பகுதி எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும். ஷோரூமில் நின்றபோது அரைக்கோடியை நெருங்கிய விலை. இப்போது ஒரு புது ஹாட்ச்பேக் வாங்கும் காசுக்கு வருகிறது. கறுப்பு பாடி, தோல் சீட்டு, கதவைச் சாத்தினால் இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம்.

“அண்ணே, நாப்பதாயிரமெல்லாம் இந்த இன்ஜினுக்கு ஒரு ஓட்டமா?” என்று போனில் கேட்டான். அந்த நாற்பதாயிரம்தான் எனக்கு இடித்தது.

ஒரு கணக்குப் போடுவோம். தி.நகர், அண்ணா நகர் என்று நகருக்குள்ளேயே சுற்றிய கார், சிக்னலில் நின்று உறுமிய நேரத்தையும் சேர்த்தால், சராசரியாக மணிக்கு 15 கிலோமீட்டர் போயிருக்கும் என்று வையுங்கள். 40,000 கிலோமீட்டரைக் கடக்க அதன் இன்ஜின் ஏறத்தாழ 2,670 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். செங்கல்பட்டு, திண்டிவனம், திருச்சி என்று நெடுஞ்சாலையிலேயே போய்வந்த இன்னொரு கார் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்தில் 1,00,000 கிலோமீட்டரை 1,670 மணி நேரத்தில் முடித்துவிடும். மீட்டரில் இரண்டரை மடங்கு காட்டுகிற வண்டியின் இன்ஜின் ஆயிரம் மணி நேரம் குறைவாக உழைத்திருக்கிறது. மதுராந்தகம் ஏரிப்பாசன வயல்களில் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. டிராக்டரில் இருப்பது மணிக்கணக்கு மீட்டர். பழைய டிராக்டர் பேரம் பேசும்போது “எத்தனை மணி நேரம்?” என்றுதான் கேட்பார்கள். கார் என்று வந்துவிட்டால் அதே ஆள் கிலோமீட்டர் கேட்கிறார்.

மணி நேரம்கூடப் பாதிக் கதைதான். அந்த நேரத்தில் இன்ஜின் எப்படி மூச்சுவிட்டது என்பது மீதிப் பாதி.

டீசல் இன்ஜினுக்கு அழிவே கிடையாது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. கிணற்றடியில் நாள் முழுக்க டுப் டுப் என்று அடித்த ஒற்றைச் சிலிண்டர் பம்புசெட்டும், லட்சக்கணக்கில் ஓடிய டீசல் அம்பாசடரும் கொடுத்த நம்பிக்கை அது. அடிப்படைத் தத்துவமும் அப்படி எளிமையானதுதான். சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பின் அடிப்பகுதி சூடாகிறது. அதே வேலையைப் பலமாகச் செய்து, காற்றை அதன் கன அளவில் பதினாறில் ஒரு பங்காக நசுக்கினால், வெப்பம் 500 டிகிரியைத் தாண்டும். அந்தக் காற்றில் டீசலைத் தெளித்தால் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இயந்திரம் எரிபொருளின் ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே வேலையாக மாற்றியது. அன்றைய நீராவி இயந்திரங்கள் பலவும் பத்தில் ஒரு பங்கைத் தாண்டவே திணறிக்கொண்டிருந்தன.

அந்தப் பம்புசெட்டுக்கும் இந்தக் கறுப்புக் காருக்கும் பொதுவாக இருப்பது அந்தத் தத்துவமும் டீசல் என்ற பெயரும்தான். பம்புசெட்டின் நாசில் சில நூறு பார் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சும். 1997 முதல் கார்களுக்கு வந்த காமன் ரெயில் முறை வளர்ந்து இன்று 2,000 பாரை எட்டியிருக்கிறது. உலகக் கடலின் மிக ஆழமான பள்ளம் சுமார் 11 கிலோமீட்டர்; அதன் தரையில் அழுத்தம் 1,100 பார் அளவுதான். அதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தத்தை, ரெயில் என்ற விரல் பருமன் உள்ள ஒரு குழாய்க்குள் அடைத்துக்கொண்டு இந்த வண்டி பள்ளிக்கூட வாசலில் நிற்கிறது. இன்ஜெக்டர் முனையின் துளை தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதன் வழியாக ஒரு எரிப்புக்கு ஒரே தடவை அல்ல, இரண்டு மூன்று தடவை பிரித்துப் பிரித்துத் தெளிக்கிறது. முதல் தெளிப்பு சில சமயம் ஒரு கன மில்லிமீட்டர்தான், கடுகைவிடச் சிறியது. 2,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்துக்கு 1,000 எரிப்புக்குத் தெளிக்க வேண்டும். முன்சொன்ன 1,670 மணி நேரத்தால் பெருக்கினால் பத்துக் கோடி எரிப்பு. ஒவ்வொன்றிலும் மூன்று தெளிப்பு என்றால் முப்பது கோடி. பழுதாகிறதே என்று திட்டுவதற்கு முன் ஒருமுறை வாய்பிளக்க வேண்டிய பொருள்.

இந்த அழுத்தத்தைக் கொடுக்கும் பம்புக்கு மசகு தனியாக இல்லை. ஓடுகிற டீசலே மசகு. அதில் தண்ணீர் கலந்தாலோ, தெரியாமல் பெட்ரோல் போட்டுவிட்டாலோ, பம்பின் உள்ளே உலோகமும் உலோகமும் நேராக உரசும். உரசிய தூள் ரெயிலுக்குள் போய், அங்கிருந்து நான்கு இன்ஜெக்டருக்கும் போகும். அப்புறம் பம்பை மட்டும் மாற்றிப் பயனில்லை; டேங்கிலிருந்து முனை வரை எல்லாம் கழற்றியாக வேண்டும். பில் தொகை சில சமயம் வண்டி வாங்கிய விலையில் பாதியைத் தொடும்.

சரி, கரிக்கு வருவோம். பெட்ரோல் காற்றோடு முன்கூட்டியே கலந்து எரிகிறது. டீசல் அப்படியில்லை, துளியாக உள்ளே நுழைந்து, நுழைந்த இடத்திலேயே எரிய வேண்டும். துளிக்கூட்டத்தின் வெளி ஓரத்துக்குக் காற்று தாராளம். நடுவில் பஞ்சம். காற்றுக் கிடைக்காத நடுப்பகுதி முழுதாக எரியாமல் கரியாகிறது. விறகு அடுப்பில் ஊதாங்குழல் வைக்காதபோது பாத்திரத்தின் அடியில் படிகிறதே, அதேதான். காற்றும் சூடும் தாராளமாகக் கொடுத்தால் கரி குறையும். ஆனால் அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனே ஆக்ஸிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆகிவிடும். அதைக் குறைக்க, எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிறார்கள். இதற்கான வால்வைத்தான் மெக்கானிக்குகள் ஈ.ஜி.ஆர். என்கிறார்கள். சூடு தணியும், நைட்ரஜன் ஆக்ஸைடு குறையும், கரி மறுபடி கூடும். ஒன்றை அமுக்கினால் இன்னொன்று எழும் இந்த விளையாட்டில் தோற்றவர்கள்தான் 2015ல் உலகமே பார்க்க மாட்டிக்கொண்டார்கள். சோதனைச்சாலையில் ஒரு புகை, சாலையில் வேறு புகை என்று மென்பொருள் எழுதிய ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியாவில் திரும்ப அழைப்பதாக அறிவித்த கார்கள் மட்டும் 3,23,700.

சொந்தப் புகையையே சுவாசிக்கும் இன்ஜின் என்ன ஆகும்? புகையின் கரியும், கிராங்க் அறையிலிருந்து வரும் எண்ணெய் ஆவியும் காற்று நுழையும் குழாயில் சந்தித்துக் கெட்டித் தார் மாதிரிப் படியும். நெடுஞ்சாலையில் நன்றாகச் சூடேறி ஓடும் இன்ஜினில் இந்தப் படிவு மெதுவாகத்தான் சேரும். காலையில் மூன்று கிலோமீட்டர், சாயங்காலம் மூன்று கிலோமீட்டர் என்று ஓடி, சூடேறும் முன்பே அணைக்கப்பட்ட இன்ஜினில் அது வேகமாக வளரும். இதயத்துக்குப் போகும் குழாயில் கொழுப்பு படிவதற்கு டாக்டர்கள் ஒரு விளக்கம் சொல்வார்களே, டாக்டர் வண்டிக்கும் அதே விளக்கம்.

இந்தக் கரியின் விளைவு எவ்வளவு தூரம் போகும் என்பதை 2018ல் தென்கொரியா பார்த்தது. பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் சாலையிலேயே ஒன்றன்பின் ஒன்றாகத் தீப்பற்றின. ஈ.ஜி.ஆர். புகையைக் குளிர்விக்கும் கூலரில் கசிவு. கசிந்த கூலன்ட், கரியோடும் எண்ணெயோடும் பிசைந்து படிந்தது. புகையின் சூடு ஏறியபோது அந்தப் படிவு கனன்று, மேலே இருந்த பிளாஸ்டிக் குழாயை உருக்கியது. அங்கே மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். பிறகு உலகளவில் எண்ணிக்கை 16 லட்சத்தைத் தாண்டியது. பழைய வண்டி வாங்குகிறவர் சேஸிஸ் எண்ணைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் கொடுத்து, நிலுவையில் ரீகால் ஏதும் இருக்கிறதா என்று கேட்பதற்குக் காசில்லை. கேட்பவர்தான் இல்லை.

பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரல் 1ல் வந்த பிறகு கரிக்கு இன்னொரு காவல் போட்டார்கள்: டி.பி.எஃப். என்ற வடிகட்டி. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம் அடைப்பு. புகை அறைச்சுவரின் நுண்துளை வழியே கசிந்துதான் வெளியேற வேண்டும். கரி உள்ளேயே தங்கும். நிரம்பியதும் இன்ஜின் தானாகவே கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி வரை சூடேற்றிக் கரியைச் சாம்பலாக்கும். தொடர்ந்து கால் மணி நேரமாவது சீரான வேகத்தில் ஓடினால்தான் இது முடியும். பாதியில் சாவியைத் திருப்பினால் அந்த வேலையும் பாதியில் நிற்கும். தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் அளவு கூடியிருக்கும். ஆயில் குறையவே இல்லையே, நல்ல இன்ஜின் என்று மகிழ்ந்துபோன ஒருவரை எனக்குத் தெரியும்.

ஆயில் நீர்த்துக் கரி மிதந்தால் அடுத்த அடி, வால்வுகளை இயக்கும் டைமிங் செயினுக்கு. செயின் இழுபட்டு நீளமாகிவிட்டது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், இரும்பு உண்மையில் நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் அச்சாணியும் அது சுழலும் துளையும் தேய்கின்றன. ஒரு கண்ணியில் தேய்மானம் மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்கு என்றாலும், நூறு கண்ணிக்கு ஒரு மில்லிமீட்டர். அதுவே வால்வு திறக்கும் நேரத்தைப் பிசகச் செய்யும். அறுந்தாலோ பல் தாண்டினாலோ பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வில் மோதும். அதோடு இன்ஜின் கதை முடிந்தது.

இங்கே நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஒரு தனித் தொடர்பு உண்டு. செய்யூரிலிருந்து மதுராந்தகம் போய் நெடுஞ்சாலை ஏறி வடக்கே போனால், செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ.வின் தொழிற்சாலை இருக்கிறது. 2007 மார்ச்சில் திறந்தது. 3 சீரிஸும் 5 சீரிஸும் அங்கேதான் கோத்து வெளியே வந்தன. அதே 2007ல் அந்தக் கம்பெனி ஐரோப்பாவில் அறிமுகப்படுத்திய என்47 என்ற டீசல் இன்ஜின், 320டி, 520டி கார்களின் வழியாக இந்தியாவுக்கும் வந்தது. சிக்கனமும் வேகமும் சேர்ந்த அருமையான இன்ஜின். ஆனால் அதன் டைமிங் செயின் முன்பக்கம் இல்லை. பின்னால், கியர்பாக்ஸ் பக்கம். ஃப்ளைவீல் இருக்கும் அந்த முனையில் கிராங்கின் முறுக்கதிர்வு குறைவு, ஆகவே செயின் சீராகச் சுழலும் என்பது பொறியாளரின் நியாயம். அதைத் தொட வேண்டுமானால் இன்ஜினையே இறக்க வேண்டும் என்பது மெக்கானிக்கின் அநியாயம். 2011 வரையான என்47 இன்ஜின்களில் இந்தச் செயின் முன்கூட்டியே தேய்ந்தது உலகறிந்த சேதி. பின்னால் வந்த பி47 இன்ஜினில் செயினைத் திருத்தினார்கள், இடத்தை மாற்றவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து சங்கிலி உரசும் சரசரப்பு வருகிறதா என்று காது கொடுக்க வேண்டும். விற்கிறவர் நீங்கள் வருமுன்பே வண்டியைச் சூடேற்றி வைத்திருந்தால், பானெட் மேல் கை வைத்துப் பார்த்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிடலாம்.

கரி உள்ளிருந்து தின்கிறது. செய்யூரில் வெளியிலிருந்து தின்ன வேறொன்று காத்திருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டித் தெற்கே வருகிறவர்களுக்குச் செய்யூர்ப் பக்கத்து உப்பளங்களைத் தெரியும். வெயிலில் பளபளக்கும் பாத்திகள், குவித்து வைத்த வெள்ளை அம்பாரம். அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காய்ந்து உப்புத்தூளாகிக் காற்றில் நிலத்துக்குள் வருகின்றன. தூளாக இருந்தால் இரும்புக்குப் பெரிய ஆபத்தில்லை, கரைந்தால்தான். சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும். சமையலறை ஜாடியில் உப்பு கசிவது அதனால்தான். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் உண்டு. உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பது அது. அதற்கு 33 சதவீத ஈரம் போதும். கடலோரத்தில் ஈரப்பதம் அவ்வளவு கீழே இறங்கும் நாள் அபூர்வம். ஆக, காரின் அடிவயிற்றில் ஒட்டிய கடல் உப்பு ஏறக்குறைய எப்போதும் ஈரமாகவே இருக்கிறது, மின்சாரம் கடத்துகிறது, துருவை நடத்துகிறது.

பழைய அம்பாசடரில் துரு ஏறினால் தகடு ஓட்டையாகும், வெல்டிங் வைத்தால் சரி. இன்றைய காரின் நரம்பு மண்டலம் ஒயரும் சென்சாரும். இணைப்பு முனையின் செம்பில் பச்சைக் களிம்பு பூத்தால் மின்தடை கூடும். சென்சார் சொல்லும் எண் பிசகும். கம்ப்யூட்டர் அந்தப் பொய்யை நம்பி டீசல் அளவை மாற்றும். புகை தள்ளுது, பிக்கப் இல்லை என்று இன்ஜெக்டரை மாற்றி, டர்போவை மாற்றி, கடைசியில் ஒரு எர்த் ஒயரைச் சுரண்டித் தேய்த்ததும் வண்டி பறந்த கதைகள் கடலோர ஒர்க்‌ஷாப்புகளில் ஏராளம். அலுமினியமும் எஃகும் தொடும் இடங்களில் உப்பீரம் சேர்ந்தால் அதுவே ஒரு சின்ன பேட்டரி, அரிபடுவது அலுமினியம். ஆடம்பரக் கார்களின் சஸ்பென்ஷனில் எடை குறைக்க அலுமினியம் தாராளமாக உண்டு.

வெள்ளத்தையும் விட முடியாது. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டன் நசுக்கப் பார்க்கும். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. கனெக்டிங் ராடு வளையும். டீசலில் நசுக்கும் இடம் மிகச் சிறியது என்பதால் கொஞ்சம் தண்ணீரே போதும். அப்படிப்பட்ட வண்டி சுத்தமாகி, வாசனை தெளித்து, சில மாதம் கழித்து வேறு ஊரில் டாக்டர் வண்டியாகப் பிறக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கோடு இருந்தால் சொல்லிவிடும். டயரில் நான்கு இலக்க எண் இருக்கும்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நாற்பதாயிரம் ஓடிய காரில் மூன்றாவது செட் டயர் இருந்தால் மீட்டரைக் குறைத்த கை யாருடையது என்று கேட்கலாம்.

பேப்பர் விஷயம் இன்னும் சுருக்கம். டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசல் கார்களுக்குப் பசுமைத் தீர்ப்பாயம் 2015ல் போட்ட தடையை உச்சநீதிமன்றம் 2018ல் உறுதிசெய்தது. அதன் பிறகு அங்கிருந்து தெற்கே மலிவாக வந்த வண்டிகள் அநேகம். ஈ.சி.ஆரில் சாதாரணமாகத் தென்படும் பி.ஒய். நம்பர் புதுச்சேரிப் பதிவு. என்.ஓ.சி., தமிழ்நாட்டுச் சாலை வரி இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டு விலை மலிவா என்று பேசலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யூருக்குப் போனேன். தம்பி தனக்குத் தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்திருந்தான். லாரி பம்புகளில் கை பழகிய பெரியவர். ஸ்கேனரைச் செருகுவதற்கு முன்பே நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களைக் கழற்றி, நான்கு மெல்லிய டியூப் மாட்டி, நான்கு கண்ணாடி பாட்டிலில் விட்டார். தேய்ந்த இன்ஜெக்டர் தெளிக்க வேண்டிய டீசலைத் திருப்பி அதிகமாக விடும். இன்ஜின் ஓட ஓட நான்கு பாட்டிலிலும் மஞ்சள் மட்டம் ஏறியது. மூன்றாவது மட்டும் சுண்டுவிரல் அகலம் கூடுதல். “மூணாவது கொஞ்சம் சொணங்குது. மத்தபடி மோசமில்ல” என்றார். காற்றுக்குழாயைக் கழற்றி விரல்விட்டுத் துழாவினார். வெளியே வந்த விரலில் தார் அப்பியிருந்தது. ஸ்கேனரில் ஒரு கண்ட்ரோல் யூனிட் நாற்பதாயிரம் என்றது. இன்னொன்றும் அதையே சொன்னது. மீட்டரில் யாரும் கைவைக்கவில்லை. அந்த வகையில் டாக்டர் நேர்மையானவர்தான்.

“பத்து வருஷம், நாப்பதாயிரம்” என்று தனக்குள் முணுமுணுத்தார் பெரியவர். “ஒரு நாளைக்கு பத்து பதினோரு கிலோமீட்டர். பாவம் இன்ஜின், ஒருநாள்கூட முழுசா மூச்சு விட்டிருக்காது.” காற்றுக்குழாயும் ஈ.ஜி.ஆரும் இறக்கிச் சுத்தம் செய்து, மூன்றாவது இன்ஜெக்டரைப் பார்த்து, ஆயில் மாற்றிவிட்டால் வண்டி எழுந்துவிடும் என்றும் சொன்னார். தம்பியின் முகம் மலர்ந்தது. அட்வான்ஸ் எவ்வளவு கொடுக்கலாம் என்று என்னைப் பார்த்தான்.

பெரியவர் பாட்டில்களை ஒவ்வொன்றாக மூடியபடி கேட்டார். “நீ வண்டிய எங்க எடுத்துட்டுப் போவ தம்பி?”

“வீட்லேர்ந்து கடைக்கு. கடைலேர்ந்து வீட்டுக்கு.”

“எவ்ளோ தூரம் வரும்?”

“மூணு கிலோமீட்டர் இருக்கும்ணே.”

“ராத்திரி நிறுத்தறது?”

தம்பி கையை நீட்டிக் கிழக்கே காட்டினான். வீட்டுக்கு எதிரே உப்பளம்.

பெரியவர் ஸ்கேனரின் ஒயரைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தார்.